கல், சொல், சுவை: சென்னைக் கடற்கரையில் போர் நினைவைத் தேடும் ஒரு மாலை நடை

நகரி மலையின் முனைக்குப் பழைய கடல்வழிக் குறிப்புகள் ‘நகரி மூக்கு’ என்று பெயர் சூட்டியிருந்தன. சென்னைக் கரையோரம் கப்பல் செலுத்தியோருக்குத் தட்டையான நிலத்துக்கு மேற்கே எழுந்து நின்ற நல்ல அடையாளங்களுள் அதுவும் ஒன்று. கடலிலிருந்து பார்த்தவனுக்கு நகரியும் சென்னையும் ஒரே காட்சியின் இரு பகுதிகள். நிலத்தின் வழியாகவும் அவ்வாறே. சென்னையிலிருந்து அரக்கோணம் சென்று வடக்கே திரும்பும் ரயில் பாதை திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடைகிறது. கடலிலிருந்து ஆபத்து வந்த 1914-லும், வரும் என்று அஞ்சப்பட்ட 1942-லும் சென்னை மக்கள் உள்நாடு நோக்கி ஓடினார்கள். கடலை விட்டு விலகிச் செல்லும் இத்தகைய பாதைகளே அன்று அவர்களுக்குப் பாதுகாப்பின் திசையாக இருந்தன. ஆகவே சென்னைக் கடற்கரையின் போர் நினைவு சித்தூர் மாவட்டத்துக்கு அயலானது அன்று.

இன்று அதே பாதையில் எதிர்த்திசையில் வந்திறங்குவோர், வழிகாட்டி ஒருவருடன் அந்த நினைவைக் காலாற நடந்தே காண முடிகிறது. 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடப்பட்டுவரும் சென்னை தினம் இத்தகைய மரபு நடைகளை நகரத்தின் பழக்கமாக்கிவிட்டது. போர் நினைவுச் சின்னத்தில் தொடங்கி, கோட்டையையும் உயர் நீதிமன்றத்தையும் கடந்து, பாரிமுனை வழியாகப் பர்மா பஜாரின் பின்புறமுள்ள இரண்டாம் கடற்கரைச் சாலையில் முடியும் வழி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டால், அத்தோக் கடைகளின் விளக்குகள் எரியும் வேளையில் போய்ச் சேரலாம்.

இவ்வகை நடைகளுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். முற்பகுதி வரலாறு, பிற்பகுதி உணவு. நினைவுச் சின்னத்தின் முன் ஆண்டுகளும் பெயர்களும் சொல்லப்படுகின்றன. உணவுக் கடையின் முன் சுவையும் விலையும் மட்டும் சொல்லப்படுகின்றன. முதற்பாதி அறிவுக்கு, இரண்டாம் பாதி வயிற்றுக்கு என்னும் இந்தப் பிரிவினைதான் கேள்விக்குரியது. ஏனெனில் இந்த வழியில் போரின் நினைவு கல்லில் மட்டும் இல்லை. ஒரு பகுதி சொல்லில் இருக்கிறது. ஒரு பகுதி தட்டில் இருக்கிறது. மூன்றும் எதையோ காக்கின்றன; மூன்றும் எதையோ மறக்கின்றன.

கல்

கோட்டைக்குத் தெற்கே, கடலைப் பார்த்து வட்டமாக நிற்கும் தூண் மண்டபம் முதல் உலகப் போரில் நேச நாடுகளின் வெற்றியைக் குறித்துக் கட்டப்பட்டது. முன்பு அந்த இடத்துக்கு ‘க்யூபிட்ஸ் போ’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் இறந்த சென்னை மாகாண வீரர்களும் பின்னர் அதில் நினைவுகூரப்பட்டனர். விடுதலைக்குப் பின் 1948-இன் காஷ்மீர்ப் போர், 1962-இன் சீனப் போர், 1965-இன் பாகிஸ்தான் போர் ஆகியவையும் சேர்ந்தன. பேரரசின் வெற்றிச் சின்னம் ஒரு குடியரசின் துயரச் சின்னமாக மாறிய வரலாறு அந்தப் பளிங்கில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘சென்னை மாகாணம்’. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாக்கப்பட்டது. அதுவரை சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். இரு உலகப் போர்களின்போதும் நகரி, புத்தூர், திருத்தணி ஆகிய ஊர்களிலிருந்து படைக்குச் சென்றவன் ஆவணத்தில் சென்னை மாகாணத்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி இப்பக்கமும் நகரி அப்பக்கமுமாக நின்றன. ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள் இரு மாநிலங்களாயின. இறந்தவர்களுக்கான கல் மட்டும் பிரிக்கப்படவில்லை. நகரியின் தமிழ்க் குடும்பமோ தெலுங்குக் குடும்பமோ தன் முன்னோரைத் தேடினால், மாநில எல்லையைக் கடந்து இந்தக் கடற்கரைக்குத்தான் வர வேண்டும்.

அந்தப் பளிங்கு மண்டபத்தைவிட எளிய கற்களும் இந்த நிலப்பகுதியில் உண்டு. முதல் போருக்குப் பின், ஆள் அனுப்பிய ஊர்களில் அரசு சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. வேலூர் நீள்கடைத் தெருவின் மணிக்கூண்டில் உள்ளது அவற்றுள் ஒன்று. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பதே அதன் செய்தி. பெயர் ஒன்றும் இல்லை. எண் மட்டுமே. நடுகல் மரபில் வளர்ந்த ஒரு நாட்டில் இது வியப்பான மாற்றம். ஆநிரை மீட்டு இறந்தவனின் பெயரையும், அவன் வீழ்ந்த பூசலையும், சில வேளைகளில் அவன் நாயின் பெயரையும்கூடக் கல்லில் எழுதிய வட தமிழகத்தில், இருபதாம் நூற்றாண்டின் அரசு தொகையை மட்டும் எழுதிச் சென்றது.

நடை வழியின் அடுத்த கல் உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணி கடந்தபின் எஸ்.எம்.எஸ். எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை நெருங்கியது. நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் அப்போது இயங்கிய கலங்கரை விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லரின் இலக்கு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள் சுடப்பட்டன. தொட்டிகள் தீப்பற்றின; துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பல் தாக்கப்பட்டது; குறைந்தது 5 பேர் உயிரிழந்தனர். கரையிலிருந்து பதில் சூடு தொடங்கியபோது எம்டன் இருளில் விலகிவிட்டது. 48 நாள்களுக்குப் பின், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை அழித்தது.

சுவரில் உள்ள கல் குண்டு விழுந்த இடத்தைச் சொல்கிறது. சிதறிய குண்டின் துண்டு கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, இடிந்த சுவருக்கு ஒரு கல்வெட்டும் வெடித்த இரும்புக்கு ஒரு காட்சிப் பேழையும் கிடைத்துள்ளன. துறைமுகத்தில் இறந்தவர்களுக்கு இந்த வழியில் எதுவும் இல்லை. படைப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கல் அவனை அறியும். கல்லின் மறதி இது.

சொல்

எம்டன் தாக்கிய இரவுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் ரயிலிலும் வண்டியிலும் நகரத்தைவிட்டு வெளியேறினர். அவர்களோடு கப்பலின் பெயரும் ஊர் ஊராகச் சென்றது. ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் யாராலும் பிடிக்க முடியாத சாமர்த்தியசாலி, எதற்கும் அஞ்சாத கில்லாடி, சில வீடுகளில் கண்டிப்பான தந்தை. கப்பலைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 2006-இல் ‘எம்டன் மகன்’ என்று பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்கு அளிக்கப்பட்ட கேளிக்கை வரி விலக்குக்காக ‘எம் மகன்’ ஆயிற்று. தமிழ் மக்கள் வாயில் ஏறத்தாழ நூறாண்டு புழங்கிய சொல்லை அரசின் அளவுகோல் தமிழென்று ஏற்கவில்லை.

இச்சொல் தமிழில் இவ்வளவு எளிதாக வேரூன்றியதற்கு மொழியியல் காரணம் ஒன்றும் உண்டு. எம்டன் என்பது வடமேற்கு ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். நகரத்தின் பெயர் கப்பலுக்கு இடப்பட்டது. ஆனால் தமிழ்ச் செவிக்கு அதன் இறுதி ‘-அன்’ ஆண்பால் ஒருமை விகுதியாகக் கேட்டது. திருடன், வீரன், கள்வன் என்னும் வரிசையில் எம்டனும் தானே அமர்ந்துகொண்டது. ஊர்ப்பெயர் கப்பற்பெயராகி, கப்பற்பெயர் ஆட்பெயராகியது. இலக்கணமே அதற்குப் பாதை அமைத்துக் கொடுத்தது. மலையாளத்தில் பேருருவான எதையும் குறிக்கும் ‘யமண்டன்’ என்னும் சொல்லும் இக்கப்பலின் வழிவந்ததாகவே பரவலாகக் கருதப்படுகிறது. அங்கே யமனின் ஒலிச் சாயலும் கலந்து பொருளைப் பெருக்கியிருக்கலாம்.

ஆனால் இச்சொல் எதைக் காத்தது? அச்சத்தையும் வியப்பையும் காத்தது. ஆளும் வெள்ளையரின் துறைமுகத்திலேயே புகுந்து அடித்துவிட்டுத் தப்பியவன் மீது ஆளப்பட்டோர் கொண்ட கமுக்கமான மகிழ்ச்சியும் அதில் தொனிக்கிறது. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்ற கதைக்கு நம்பத்தக்க ஆவணம் இல்லை. ஆயினும் அந்தக் கதை பிறந்ததும் இதே மகிழ்ச்சியில்தான். அன்றிரவு இறந்தவர்களுக்கு மட்டும் இந்தச் சொல்லில் இடமில்லை. சுட்டவனின் பெயர் பொதுச்சொல் ஆயிற்று. சுடப்பட்டவரின் பெயர் எங்கும் இல்லை. சொல்லின் மறதி இது.

சாலைகளின் பெயர்களும் சொற்களே. நீதிமன்றத்தின் கிழக்கே செல்வது ராஜாஜி சாலை. வடக்கே செல்வது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. 1942-இல் ராஜாஜி ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை ஏற்க மறுத்து, ஜப்பானுக்கு எதிரான பாதுகாப்பில் அரசோடு ஒத்துழைக்க வேண்டும் என்றார். போஸ் 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்று, 1944 தொடக்கத்தில் ரங்கூனுக்குத் தம் தலைமையகத்தைக் கொண்டு சென்றார். மலாயா, பர்மாத் தமிழர்கள் பெருமளவில் அவர் பின் திரண்டனர். ஒரே போரில் எதிரெதிர் நிலை எடுத்த இருவரின் பெயர்கள் பாரிமுனையில் சந்திக்கின்றன. போர் நினைவு மண்டபத்தின் பளிங்கு இவ்விரு நிலைகளுள் ஒன்றுக்கு மட்டுமே உரியது. மற்றொன்று தெருப்பலகையில் இடம்பிடித்துக்கொண்டது.

சுவை

பாரிமுனையிலிருந்து நடை வடக்கே திரும்பும்போது கடலுக்கு அப்பாலிருந்து பர்மா நெருங்கி வருகிறது. எம்டன் கொளுத்தியதே பர்மாவோடு தொடர்புடைய எண்ணெய்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பின்படி அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். ரங்கூன் மக்களுள் பாதிக்கு மேல் இந்தியர். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் உழைத்தவர்களுள் பெரும்பான்மையர் தெலுங்கரும் தமிழருமான கூலித் தொழிலாளர். அங்கிருந்து மண்ணெண்ணெய், தேக்கு, அரிசி ஆகியவை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அதன் பெரும்பகுதியை இந்தியா வாங்கியது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்குக்கு ஒரு வழி. தாமு, இம்பால் வழியாகத் திமாப்பூருக்கு ஒரு வழி. ஹூக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில் லெடோவுக்கு ஒரு வழி. காலடிகளை எண்ண முடியாத அந்த நடையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் வழியில் பல்லாயிரவர் இறந்தனர். ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு வேறொரு வழி என்று காட்டப்பட்ட பாகுபாடு அன்றே கண்டனத்துக்கு உள்ளானது. நடந்து வந்தவர்களுள் ஒருவர், வட ஆர்க்காட்டில் பிறந்து ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா. அவர் எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ இந்தப் பெருந்துயரின் அரிய தமிழ்ச் சான்று.

பர்மா வீழ்ந்த செய்தி சென்னைக்கு இரு விதமாக வந்தது. ஒன்று அச்சம். 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவை தாக்கப்பட்டதும் சென்னை மக்கள் மீண்டும் உள்நாடு நோக்கி ஓடினர். குண்டு விழுந்து கூண்டுகள் உடையக்கூடும் என்று நகர மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மற்றொன்று அடுப்படியின் செய்தி. ரங்கூன் அரிசி நின்றது. விலை ஏறியது. 1943-இல் சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. அதே ஆண்டு வங்கத்தில் பஞ்சம் ஏறத்தாழ முப்பது லட்சம் உயிர்களைக் கொண்டது. சென்னையில் போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும்வரை அந்தப் போர் சமையலறையில் நீடித்தது என்றே சொல்லலாம்.

நடந்து வந்தவர்களுள் பலர் போர் முடிந்ததும் பர்மாவுக்குத் திரும்பினர். அவர்களுக்கு அது ஊர். 1962-இல் நே வின்னின் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. சுமார் மூன்று லட்சம் இந்தியர் வெளியேற நேர்ந்தது. இம்முறை கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. சிலர் மீண்டும் தரைவழியே பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தமிழ்க் குடியிருப்பை அமைத்துக்கொண்டனர். சென்னையில் தங்கியவர்களுக்கு வடசென்னையில் குடியிருப்புகளும், 1960-களின் இறுதியில் துறைமுகத்தின் எதிரே கடைகளும் கிடைத்தன. பர்மா பஜார் அவ்வாறு பிறந்தது. அதன் பின்தெருவில் மாலைதோறும் அத்தோ பிறக்கிறது.

கோதுமை நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு. இவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவினால் அத்தோ. பக்கத்தில் வாழைத்தண்டு மிதக்கும் சூடான சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்துப் புளிநீர் ஊற்றினால் முட்டை பேஜோ. பர்மிய மொழியில் கையால் கலந்து பிசைவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர்தான் அத்தோ. அம்மொழியில் சொல்லின் இறுதியில் நிற்கும் குரல்வளை அடைப்பொலி தமிழ் நாவில் மறைந்தது. நடு மெய் இரட்டித்தது. ‘பே’ என்றால் பயறு, ‘ஜோ’ என்றால் பொரித்தது. சென்னையில் பயறே இல்லாத முட்டைக்கும் அப்பெயர் பரவிவிட்டது. பொருள் இடம்பெயர்ந்தது, ஒலி தங்கிவிட்டது.

ஒரு மொழியைப் பேசிய தலைமுறை மறைந்தாலும் அதன் உணவுச் சொற்கள் நீடிக்கும் என்பது புலம்பெயர்ந்தோர் மொழிகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் உண்மை. ஆயின் சுவைக்கும் ஒரு மறதி உண்டு. தட்டு பர்மாவை நினைவூட்டுகிறது. பர்மாவிலிருந்து வந்த வழியை நினைவூட்டுவதில்லை. ‘சென்னையின் தெருவோர உணவு’ என்று படமெடுத்துப் பகிரப்படும்போது, இரண்டு முறை வீடிழந்த மக்களின் கையிருப்பு வெறும் புதுமையாகக் குறைந்துபோகிறது. இந்த நடை கடந்துவந்த கற்களுள் எதுவும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. படை வீரனுக்கு மண்டபம், எதிரிக் கப்பலுக்குச் சொல், தலைவர்களுக்குச் சாலை. அகதிக்குக் கிடைத்தது ஒரு கிண்ணம்.

மூன்றும் சேரும் இடம்

மாலை நடையின் பயன் இங்கேதான் இருக்கிறது. தனித்தனியே நின்றால் கல் படைக்கு வெளியே இறந்தவனை மறக்கிறது. சொல் இறந்தவனையே மறக்கிறது. சுவை வந்த வழியை மறக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் மூன்றையும் வரிசையாகக் கடக்கும்போது ஒன்றின் மறதியை மற்றொன்று ஈடு செய்ய முடியும். 1914-இல் எரிந்த எண்ணெய், 1942-இல் நின்ற அரிசி, 1960-களில் வந்திறங்கிய மக்கள் என்று ஒரே துறைமுகத்தின் முன் பர்மா மூன்று முறை தோன்றுகிறது. அதைக் கோத்துக் காட்டும் பொறுப்பு வழிகாட்டியுடையது. மண்டபத்தின் முன் ஆண்டைச் சொன்னவர், கடையின் முன்னும் ஆண்டைச் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு இதில் காலத்தின் நெருக்கடியும் உண்டு. 1942-இல் நடந்து வந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் அன்று குழந்தைகளாக இருந்தவர்களே. 1960-களில் கப்பலில் வந்த குழந்தைகளும் அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் பேச்சில் இன்னும் உள்ள பர்மியச் சொற்கள், எண்கள், தாலாட்டுகள், சமையல் முறைகள் ஆகியவற்றைத் தொகுப்பது மொழியியலின் வேலை மட்டுமன்று. கல்லில் ஏறாத ஒரு பட்டியலை எழுதும் வேலையும் ஆகும். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பர்மா சென்றவர்கள், படைக்குச் சென்றவர்கள் பற்றிக் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் கடிதங்களும் பதக்கங்களும் இன்று தெலுங்கிலும் தமிழிலுமாகச் சிதறிக் கிடக்கும். மாநில எல்லையைப் பார்த்து அவற்றைத் தேடினால் பாதியே கிடைக்கும்.

இரண்டாம் கடற்கரைச் சாலையில் கடைக்காரர் கிண்ணத்தில் பிசைந்துகொண்டிருக்கும் அந்த ஓரிரு நிமிடம் போதும். அரக்கான், தாமு, ஹூக்காங் என்று மூன்று வழிகளின் பெயரைச் சொல்லிவிடலாம். அதன்பின் தட்டு கைக்கு வரட்டும்.